டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு மழைக்காலம்

வெயிலில் நின்ற காரில் ஏறுகிறீர்கள். சீட்டு சுடுகிறது. அப்பா ஏசியைப் போடுகிறார். முகத்தைக் காற்றுக்கு நேராக நீட்டியதும் குப்பென்று ஒரு நாற்றம். நனைந்த சாக்ஸ், பல நாள் பூட்டிக் கிடந்த அறை, ஊறவைத்து மறந்துபோன துணி, எல்லாம் ஒன்றாக வந்தது போல. "யாருடா ஷூவைக் கழற்றினது?" பழி முதலில் உங்கள் மேல்தான் விழும். நீங்கள் ஷூவே போட்டிருக்கமாட்டீர்கள்!

இரண்டு நிமிடம் கழித்து யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மறுநாளும் அதே கதை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அப்பா கண்ணாடியில் ஒரு வாசனைப் புட்டியைத் தொங்கவிடுவார். மல்லிகை வாசம். அன்றிலிருந்து காருக்குள் மல்லிகை வாசம் அடிக்கும் சாக்ஸ் நாற்றம்.

இது ஏன் ஏசி போட்ட உடனே வருகிறது? ஏன் இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறது? உண்மையிலேயே போய்விடுகிறதா? துப்பறியலாம் வாருங்கள். கருவி எதுவும் வேண்டாம், உங்கள் மூக்கு போதும்.

முதலில் காற்று வரும் வழியைப் பார்ப்போம். பானெட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவில், வைப்பர் படுத்திருக்கும் இடத்தில், சல்லடைக் கண் வைத்த கறுப்பு பிளாஸ்டிக் பட்டை ஒன்று இருக்கும். வெளிக்காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. மரத்தடியில் நிறுத்திய கார் என்றால் அங்கே புங்க இலையும் வேப்பம்பூவும் குவிந்திருக்கும், போய்ப் பாருங்கள். அங்கிருந்து காற்று டேஷ்போர்டுக்குள் நுழைந்து, மடிப்பு மடிப்பான ஏசி ஃபில்டரைத் தாண்டுகிறது. புளோயர் என்ற மின்விசிறி அதைத் தள்ளிவிட, அலுமினியக் குழாய்களும் மெல்லிய தகடுகளும் நெருக்கமாக அடுக்கிய ஒரு பெட்டிக்குள் புகுந்து வெளியே வருகிறது. இந்தப் பெட்டியை மெக்கானிக்குகள் 'கூலிங் காயில்' என்பார்கள். நம் கதை முழுக்க இதைச் சுற்றித்தான்.

காயில் எப்படிக் குளிர்கிறது? கை கழுவும் சானிடைசரை உள்ளங்கையில் ஊற்றி ஊதுங்கள். ஜில்லென்று இருக்கிறது அல்லவா? திரவம் ஆவியாகும்போது பக்கத்தில் இருப்பதிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஏசிக்குள் சுற்றும் 'கேஸ்' இந்த வேலையில் கெட்டிக்காரன். பல கார்களில் இருக்கும் ஆர்-134ஏ என்ற கேஸ், சாதாரண காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும்! அது காயிலுக்குள் ஆவியாகி, காயிலின் வெப்பத்தைப் பறித்துக்கொண்டு போகிறது. பிறகு கம்ப்ரசர் அதை அழுத்தி, காரின் மூக்குப் பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்கு அனுப்பும். அங்கே வெப்பத்தை வெளிக்காற்றில் கொட்டிவிட்டு, மறுபடி திரவமாகித் திரும்பி வரும். இதே சுற்று, ஓயாமல்.

இந்த கேஸுக்கு அநேகமாக மணமே கிடையாது. ஆகவே நாற்றம் அடிக்கிறது என்று போனதும், எதையும் பார்க்காமலே "கேஸ் மாத்தணும் சார்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். கேஸ் குறைந்தால் குளிர்ச்சிதான் குறையும். சாக்ஸ் நாற்றத்துக்கு அது பொறுப்பல்ல.

அப்படியானால் குற்றவாளி யார்? தடயம் காருக்கு அடியில் கிடக்கிறது.

ஏசி ஓடிய காரை நிறுத்தினால், முன் பக்கம் அடியில் தண்ணீர் சொட்டிச் சிறு குட்டையாய்த் தேங்கும். புதிதாகக் கார் வாங்கியவர்கள் இதைப் பார்த்துப் பதறிப்போய் மெக்கானிக்குக்குப் போன் செய்வதுண்டு. பதற வேண்டியதில்லை. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளருக்கு வெளியே வியர்க்கிறதே, அதேதான் இதுவும். காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் நீராவி இருக்கிறது. சூடான காற்றில் நிறைய இருக்க முடியும், குளிர்ந்த காற்றில் கொஞ்சம்தான் தங்கும். 30 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் என்று ஒரு நாளை வைத்துக்கொள்வோம். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இது அதிசயமில்லை. அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 21 கிராம் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கும். அதை 5 டிகிரிக்குக் குளிர வைத்தால் 7 கிராம்தான் தாங்கும். மீதி 14 கிராம், அதாவது ஏறக்குறைய மூன்று டீஸ்பூன், காயிலின் மேல் சொட்டுச் சொட்டாகப் படிந்தே ஆக வேண்டும்.

அப்படிப் படியும் தண்ணீர் தகடுகள் வழியே வழிந்து, பெட்டியின் அடித்தட்டில் சேர்ந்து, 'டிரெயின் பைப்' என்ற சிறு ரப்பர் குழாய் வழியாகக் கீழே சொட்டுகிறது. ஆக, உங்கள் காரின் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஏசி ஓடும்போதெல்லாம் மழைக்காலம்தான்.

ஏசியின் பிறப்பே ஈரத்தை விரட்டத்தான் என்றால் நம்புவீர்களா? 1902ஆம் ஆண்டு, அமெரிக்காவின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம். கோடைக்காலத்தில் காற்றின் ஈரத்தைக் குடித்துக் காகிதம் உப்பிவிடும். ஒரு நிறத்தை அச்சடித்துவிட்டு அடுத்த நிறத்தை அடிப்பதற்குள் காகிதத்தின் அளவு மாறிவிடுவதால், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது. இந்தத் தொல்லைக்கு வழி தேடச் சொன்னார்கள். வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர், குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றை ஊதி அதிலுள்ள ஈரத்தைப் பிடித்து எடுத்தார். நவீன ஏசியின் கதையை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். ஆட்களுக்காக அல்ல, காகிதத்துக்காக!

காருக்குள் ஏசி வர மேலும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின. 1940ஆம் ஆண்டு மாடலில் பேக்கார்டு என்ற அமெரிக்க நிறுவனம் முதலில் கொண்டுவந்தது. குளிரூட்டும் பெட்டி பின்பக்க டிக்கியில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டது. கம்ப்ரசரை நிறுத்தி வைக்க வேண்டுமானால், காரை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, அதை ஓட்டும் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். இன்று ஒரு பட்டனுக்கே நாம் அலுத்துக்கொள்கிறோம்.

சரி, தண்ணீர் வந்துவிட்டது. தண்ணீர் இருக்கும் இடத்துக்குக் குடிவர ஆள் இல்லாமல் போகுமா?

காற்றில் பூஞ்சைகளின் விதைத்தூள் எப்போதும் மிதக்கிறது. பாக்டீரியாக்களும் தூசியில் ஏறிப் பயணம் செய்கின்றன. ஃபில்டரைத் தப்பியவை ஈரக் காயிலில் ஒட்டிக்கொள்கின்றன. சாப்பாடு? அதற்கும் குறைவில்லை. மகரந்தம், நம் தோலிலிருந்து உதிரும் செதில், துணி நூல், பூச்சிகளின் இறகுத் துணுக்கு, சீட்டுக்கு அடியில் நீங்கள் சிந்திய முறுக்கின் பொடி, எல்லாம் விருந்துதான். கார் ஏசிக் காயில்களைச் சுரண்டி ஆராய்ந்தவர்கள் மெத்திலோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவை அங்கே அடிக்கடி கண்டிருக்கிறார்கள். இது வெளியுலகில் இலைகளின் மேலும் மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்கிற ஒன்று. இவை எல்லாம் சேர்ந்து வழவழப்பான ஒரு மெல்லிய படலத்தைக் காயிலின் மேல் பூசிக்கொண்டு, அதற்குள் பத்திரமாகக் குடியிருக்கின்றன. வாய்க்கால் கல்லில் கால் வழுக்குமே, அதுவும் இப்படிப்பட்ட படலம்தான்.

இங்கே ஒரு சின்னப் புதிர். ஏசி ஓடும்போது காயில் கிட்டத்தட்ட ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிர்ந்திருக்கும். அந்தக் குளிரில் கிருமிகள் மந்தமாகிவிடும். பிறகு எப்போது பெருகுகின்றன? நீங்கள் வீட்டுக்கு வந்து காரைப் பூட்டிய பிறகு! காயில் முழுக்க ஈரம். காற்றோட்டம் கிடையாது. ஒரே இருட்டு. சிறிது நேரத்தில் குளிர் போய் வெதுவெதுப்பும் வந்துவிடும். நீங்கள் வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தில் அங்கே இரண்டு நான்காகி, நான்கு எட்டாகிக்கொண்டிருக்கும்.

அவை தின்று கழிக்கும் பொருட்களில் சில எளிதில் ஆவியாகிக் காற்றில் கலப்பவை. அவற்றைத்தான் நாம் முகர்கிறோம். சாக்ஸ் நாற்றத்துக்குப் பேர்போனது ஐசோவலேரிக் அமிலம். நம் பாதத்தில் வாழும் பாக்டீரியாக்கள் வியர்வையில் உள்ள பொருளைச் சிதைத்து இதை உண்டாக்குகின்றன, சில வகைப் பாலாடைக்கட்டியிலும் இது இருக்கிறது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் காயப்போட்ட துணி ஒரு மாதிரி நாறுமே, அதை ஜப்பானிய விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2012இல் எழுதினார்கள். மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாதான் அதற்கு முக்கியக் காரணம் என்று கண்டார்கள். துவைத்த துணியிலும் அது பிழைத்துக்கிடந்து, துணி சீக்கிரம் காயாவிட்டால் மறுபடி வேலையைத் தொடங்கிவிடுமாம். துணியோ காயிலோ, கணக்கு ஒன்றுதான்: எவ்வளவு நேரம் ஈரம் நிற்கிறதோ அவ்வளவு நாற்றம்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். ஏன் ஏசி போட்ட உடனே?

இரவெல்லாம் உண்டான நாற்ற மூலக்கூறுகள் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. புளோயர் சுற்றியதும் அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வருகின்றன. இன்னொரு தந்திரமும் நடக்கிறது. காயிலில் அதற்குள் உலர்ந்துவிட்ட பரப்பில் சில மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். காயில் குளிர்ந்து அதன் மேல் தண்ணீர் படியத் தொடங்கும்போது, தண்ணீர் மூலக்கூறுகள் "நகரு, நகரு" என்று அவற்றைத் தள்ளிவிடும். இடம் இழந்தவை காற்றில் ஏறி உங்கள் மூக்குக்கு வந்து சேரும். ஏசி ஓடும் நேரத்தில் கம்ப்ரசர் நின்று காயில் காயும்போதும் இன்னொரு அலை வரும். சிக்னலில் நிற்கும்போது திடீரென்று மறுபடி நாறுவது இதனாலும் இருக்கலாம்.

இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறதே, அது? பாதி நிஜம், பாதி மூக்கின் வேலை. நம் மூக்கின் மேற்பகுதியில் மணத்தை உணரும் ஏற்பிகள் ஏறக்குறைய 400 வகை உள்ளன. இவை எப்படி வேலை செய்கின்றன என்று கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஏற்பிகளும் மூளையும் புதுச் செய்திக்குத்தான் துள்ளும். ஒரே மணம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், "தெரியும், தெரியும்" என்று விட்டுவிடும். அதனால்தான் நாளெல்லாம் வண்டியிலேயே இருக்கும் டிரைவர் அண்ணன், "நாத்தமா? எனக்கு ஒண்ணும் தெரியலையே பாப்பா" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. துப்பறிய வேண்டுமானால் வெளியே இறங்கி ஐந்து நிமிடம் நல்ல காற்றில் நின்றுவிட்டு வந்து முகர வேண்டும்.

சில மணங்களுக்கு நம் மூக்கு அசாத்தியக் கூர்மை. முதல் மழைக்கு எழும் மண்வாசனையில் ஜியோஸ்மின் என்ற பொருள் இருக்கிறது. மண்ணில் வாழும் ஸ்டிரெப்டோமைசிஸ் பாக்டீரியாக்கள் செய்வது. தண்ணீரில் லட்சம் கோடியில் ஐந்து பத்துப் பங்கு கலந்தாலே பலர் கண்டுபிடித்துவிடுவார்கள். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரத்தில் சுட்ட களிமண்ணிலிருந்து மண்வாசனையைப் பிடித்து அத்தராக்கிக் காசுக்கு விற்கிறார்கள். அதே மண்வாசனை காருக்குள் வந்தால் நாம் முகம் சுளிக்கிறோம். பாவம் பாக்டீரியா, எங்கே வேலை செய்தால் பாராட்டு கிடைக்கும் என்று அதற்கு எப்படித் தெரியும்?

இப்போது நீங்கள் துப்பறிவாளர். நல்ல மெக்கானிக் முதலில் ஸ்பானரை எடுக்கமாட்டார், கேள்வி கேட்பார். "எப்ப வருது? போட்ட உடனேயா, எப்பவுமேவா? ஏசியை அணைச்சிட்டு வெறும் ஃபேன் மட்டும் போட்டா வருதா?" இந்தக் கேள்விகளிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

ஏசி போட்ட முதல் நிமிடம் மட்டும் பூஞ்சை வாடை வந்தால் காயிலைச் சந்தேகப்படலாம். ஏசி இல்லாமல் வெறும் புளோயர் ஓடும்போதும் விடாமல் வந்தால் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அடுத்து, டேஷ்போர்டில் காருக்குள் அம்பு சுற்றுவது போல் படம் போட்ட பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் வெளிக்காற்று நின்று உள்காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். வெளிக்காற்றில் மட்டும் நாறுகிறதா? வைப்பர் பக்கம் மக்கிய இலை இருக்கலாம், அல்லது கார் அந்த நேரம் கூவம் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருக்கலாம்! மாறாக, உள்காற்றில் மட்டும் நாறினால் குற்றவாளி காருக்குள்ளேயே இருக்கிறான். சென்ற மாதம் கவிழ்ந்த பால் பாட்டிலை நினைத்துப் பாருங்கள். நம் ஊர்க் கார்களில் உள்காற்றை இழுக்கும் வாய் பெரும்பாலும் முன்புறம் இடது பக்கம், டேஷ்போர்டின் அடியில் இருக்கும். அங்கே விரித்த மிதியடி நனைந்து கிடந்தால், அதன் வாடை நேராக ஏசிக்குள் போய்க் கார் முழுக்கச் சுற்றும்.

மிதியடி ஏன் நனைகிறது? மழையில் வந்த கால் காரணமாக இருக்கலாம். மழையே இல்லாமல் நனைந்திருந்தால் டிரெயின் பைப்பைப் பாருங்கள். தூசியும் இலைத் துணுக்கும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், தண்ணீர் கீழே சொட்ட வழியில்லாமல் தட்டில் தேங்கி, நிரம்பி, காருக்குள் வழியும். கார் வளைவில் திரும்பும்போது டேஷ்போர்டுக்குள் சலக் சலக் என்று சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம். நான்கு பேர் ஏசியில் அரை மணி நேரம் வந்தும், புழுக்கமான நாளில் அடியில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை என்றாலும் அதே சந்தேகம்தான்.

எல்லா நாற்றமும் பூஞ்சை அல்ல. சிலவற்றைச் சட்டென்று பெரியவர்களிடம் சொல்லிவிட வேண்டும். இனிப்பாக, சிரப் போல மணந்து, கண்ணாடியில் பிசுபிசுப்பான பனி படர்ந்தால் கூலன்ட் கசிகிறது. இன்ஜினின் சூட்டைச் சுமக்கும் கூலன்ட் செல்லும் ஹீட்டர் குழாயும் ஏசிப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. நம் ஊரில் ஹீட்டரை யாரும் போடுவதில்லை, ஆனாலும் அது உள்ளே இருக்கும். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால், அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிய பேட்டரியோ, புகைக்குழாயில் உள்ள கோளாறோ காரணமாகலாம். பெட்ரோல் வாடையோ, பிளாஸ்டிக்கோ ரப்பரோ கருகும் வாடையோ வந்தால் ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். ஓரங்கட்டி, வண்டியை அணைத்து, எல்லோரும் இறங்க வேண்டும்.

அப்புறம் எலி. இதைச் சொல்லாமல் விட்டால் எந்த மெக்கானிக்கும் என்னை மன்னிக்கமாட்டார். சில நாட்கள் ஓடாமல் நிற்கும் கார், எலிக்கு வாடகையில்லாத வீடு. ஏசி ஃபில்டரைக் கொறித்து மெத்தை செய்துகொள்ளும். புளோயருக்குள் போய் மாட்டிக்கொண்டு செத்தும் போகும். அந்த நாற்றத்தை மல்லிகையால் மட்டுமல்ல, மதுரையின் மொத்தப் பூச்சந்தையாலும் மறைக்க முடியாது. புரதம் அழுகும்போது உண்டாகும் பியூட்ரெசின், கடாவெரின் என்ற பொருட்கள் அதற்குக் காரணமானவை. எடுத்துப் போட்டு, கழுவி, உலர்த்துவது ஒன்றே வழி. அதைக் கையுறையும் முகமூடியும் அணிந்து பெரியவர்கள் செய்யட்டும்.

மூக்கை எல்லாவற்றுக்கும் நம்பிவிடவும் கூடாது. வீட்டுச் சமையல் கேஸ் நாறுகிறதே, அது அதன் சொந்த மணமில்லை. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்கேப்டன் என்ற நாற்றப் பொருளைத் துளியளவு கலக்கிறார்கள். 1937இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் மணமில்லாத இயற்கை எரிவாயு கசிந்து, யாருக்கும் தெரியாமல் சேர்ந்து, வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மாணவர்கள். அதன் பிறகு எரிவாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கார் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது, அதில் யாரும் நாற்றம் கலந்து வைப்பதும் இல்லை. ஆகவே மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் உட்கார்ந்திருப்பதும், நிறுத்திய காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்குவதும் கூடவே கூடாது. மூக்கு எச்சரிக்காது.

நாற்றத்தைப் போக்கும் வேலைக்கு வருவோம். அப்பாவோடு சேர்ந்து செய்யக்கூடியது ஃபில்டர். பெரும்பாலான கார்களில் குளோவ் பாக்ஸைக் கழற்றினால் பின்னால் இருக்கும். ஸ்பானர்கூட வேண்டியதில்லை. புது ஃபில்டர் பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். உங்களுடையது என்ன நிறம் என்று பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். தண்ணீரில் அலசிக் காயவைத்துப் போடலாமே என்று தோன்றும். காகித ஃபில்டருக்கு அது வேண்டாம், மடிப்புக்குள் ஈரம் தங்கி அதுவே இன்னொரு கிருமிக் கூடாகிவிடும். கையேட்டில் சொன்ன கெடுவுக்குப் புதிதாக மாற்றுவதே நல்லது. தூசி நிறைந்த சாலையில் ஓடும் கார் என்றால் அதற்கும் முன்பே. பக்கவாட்டில் அம்புக்குறி போட்டிருக்கும், காற்று போகும் திசைக்கு அது பார்க்க வேண்டும்.

டிரெயின் பைப் அடைப்பும் காயில் கழுவுவதும் மெக்கானிக் வேலை. அலுமினியத்தை அரிக்காத ஒரு நுரையைக் காயிலில் பீய்ச்சி, சிறிது நேரம் ஊறவிடுவார்கள். நுரை கரைந்து அழுக்கோடு டிரெயின் வழியாகக் கீழே வரும். முதலில் வரும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால், இத்தனை நாள் எதன் வழியாக வந்த காற்றைச் சுவாசித்தோம் என்று தெரியும். வீட்டில் இருக்கும் பிளீச்சிங் தண்ணீரை ஊற்றும் யோசனை வேண்டாம், அது அலுமினியத்தை அரித்துவிடும். அந்துருண்டையைத் துணியில் முடிந்து காருக்குள் போடுகிறவர்களும் உண்டு. அதன் ஆவி பூச்சிக்கு மட்டுமல்ல, மூடிய காருக்குள் அதைச் சுவாசிக்கும் குழந்தைகளுக்கும் கெடுதல். வாசனைப் புட்டியோ தடயத்தை அழித்துவிடும். கூலன்ட் கசிவின் இனிப்பு மணத்தை மல்லிகைக்குள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

கழுவினாலும், ஈரம் அப்படியே நின்றால் சில மாதங்களில் பழைய கூட்டம் திரும்பிவிடும். இதற்கு இருக்கும் மருந்துக்குக் காசே இல்லை. வீடு வந்து சேர மூன்று முதல் ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு, ஃபேனை வேகமாக ஓடவிட வேண்டும். குளிராத காற்று காயிலின் மேல் ஓடி ஈரத்தை வாரிக்கொண்டு போகும். "சென்னைக் காற்றே ஈரம், அது எப்படி உலர்த்தும்?" என்று கேட்டால், நல்ல கேள்வி. 70 சதவீத ஈரப்பதம் என்றால் இன்னும் 30 சதவீதம் இடம் காலியாக இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் காயிலின் தண்ணீர் ஏறிக்கொள்ளும். அடைமழை நாளில் அவ்வளவாகப் பலிக்காது. மற்ற நாட்களில் நன்றாகவே பலிக்கும். கடைசி ஐந்து நிமிடம் வியர்க்கும் என்று பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். காரை நிறுத்திய பின் புளோயரைத் தானாகவே கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் காயிலை உலர்த்திக்கொள்ளும் கார்கள்கூட வந்திருக்கின்றன, ஆக இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை.

கடைசியாக, விடுமுறையில் செய்ய ஓர் அளவெடுப்பு. பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். கார் திறந்தவெளியில், சமதரையில், ஹேண்ட்பிரேக் போட்டு நிற்க வேண்டும். முதலில் ஏசியோடு ஒரு சுற்றுப் போய்வந்து, தண்ணீர் எங்கே சொட்டுகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். இன்ஜினை அணைத்த பிறகு அந்த இடத்தில் ஓர் அகலத் தட்டை வையுங்கள். பிறகு பெரியவர் இன்ஜினையும் ஏசியையும் இருபது நிமிடம் ஓடவிட்டு அணைக்கட்டும். ஓடும்போது காருக்கு அடியில் கை நீட்டாதீர்கள். தட்டில் சேர்ந்ததை அளவுக் கோப்பையில் ஊற்றி எத்தனை மில்லி என்று எழுதுங்கள். பக்கத்திலேயே அன்றைய வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டையும் எழுதுங்கள், வானிலைச் செய்தியில் கிடைக்கும். வெளிக்காற்றில் ஒரு முறை, உள்காற்றில் ஒரு முறை அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்காது. கடலோரத்தில் இருப்பவர்கள் கரூரிலோ சேலத்திலோ இருக்கும் மாமா வீட்டுப் பிள்ளைகளையும் அதே நாளில் அளக்கச் சொல்லலாம். அங்கே வெயில் கூடுதலாக இருந்தும் தண்ணீர் குறைவாக வந்தால் ஏன் என்று யோசியுங்கள். தட்டுத் தண்ணீரைக் குடித்துவிட வேண்டாம், எதன் மேல் வழிந்து வந்தது என்றுதான் தெரியுமே. குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றிவிடலாம்.